வைஃபை வரைபடம் போடலாமா?

கேள்வி: கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனை வைத்தே எங்கள் பகுதி வைஃபை இணைப்புகளை எல்லாம் வரைபடமாக்கப் போகிறேன் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். முடியுமா? ஏதாவது வம்பு வருமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக முடியும். அதற்கு 'விகிள்' (WiGLE) என்ற இலவசச் செயலி இருக்கிறது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேகரிப்பதை ஒரே வரைபடத்தில் சேர்க்கும் இந்தத் திட்டம் 2001-லேயே தொடங்கியது. அப்போதெல்லாம் கையடக்கக் கணினியில் வைஃபை அட்டையைச் செருகிக்கொண்டு அலைய வேண்டும்.

ஒவ்வொரு ரவுட்டரும் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயர், அடையாள எண், சேனல், பூட்டு வகை எல்லாவற்றையும் தானாகவே அறிவிக்கும். போன் அதைக் கேட்டு, ஜிபிஎஸ் காட்டும் இடத்தோடு குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கேட்பது வேறு, உள்ளே நுழைவது வேறு. பாஸ்வேர்ட் இல்லாத இணைப்பு கிடைத்தாலும் உரியவரைக் கேட்காமல் அதில் இணையக் கூடாது; தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு அதைத் தடுக்கிறது. மகனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பைக் வேண்டாம், நடந்தே போகட்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் வைஃபை தேடலாம். வேகமாகப் போனால் பாதி வீடு விட்டுப்போகும். பிந்தைய பதிப்புகளில் போன் செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற பகுதிக்குள் போய் இந்தக் கட்டுப்பாட்டை அணைக்கலாம். இன்னொன்று, வரைபடத்தில் விழும் புள்ளி ரவுட்டர் இருக்கும் இடமல்ல, பல இடங்களில் கேட்டதை வைத்துப் போட்ட கணிப்பு. எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் மைனஸ் 48 காட்டிய சிக்னல், பின்பக்கச் சந்துக்குப் போனதும் மைனஸ் 83 ஆகிவிட்டது. பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். அதனால் முன்தெரு, பின்சந்து இரண்டிலும் நடந்தால்தான் புள்ளி ஓரளவு சரியாக விழும்.

பட்டியலில் 'வெப்' (WEP) என்ற பழைய பூட்டு வகை கண்ணில் பட்டால், தெரிந்த வீடாக இருந்தால் போய்ச் சொல்லலாம். அதை உடைக்கும் வழி 2001-லேயே வெளிவந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது அதை நம்பி இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சேகரித்ததை இணையத்தில் ஏற்றியே ஆகவேண்டும் என்றில்லை. பலர் தங்கள் பெயரையும் கதவு எண்ணையுமே வைஃபைக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்றும் முன் யோசிக்கட்டும். உங்கள் வீட்டு வைஃபையிலும் கதவு எண் இருந்தால் எடுத்துவிடுங்கள். பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் ஆங்கிலத்தில் 'நோமேப்' என்பதும் (_nomap) சேர்த்தால், கூகுள் தன் இருப்பிடச் சேவைக்கு அதைப் பயன்படுத்தாது.