இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் முடிவெடுக்க முடியவில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 18. டாக்டராக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே இருக்கும் ஆசை. அது கைக்கு எட்டிவிட்ட நேரத்தில் சந்தோஷப்படாமல் அழுதுகொண்டிருக்கிறேன். இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ரொம்பப் பழையது, பெயர் பெற்றது. அங்கே படித்தவர் என்றாலே தனி மரியாதை என்று அப்பா சொல்கிறார். அதை விட்டால் வாழ்க்கை முழுக்க வருத்தப்படுவாய் என்கிறாள் அக்கா. உயிரியல் ஆசிரியையிடம் சொன்னபோது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆனால் வீட்டிலிருந்து வெகுதூரம், கட்டணமும் அதிகம், அப்பா பெரிய கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று தொடங்கி அதிக காலம் ஆகாத சின்னக் கல்லூரி, வீட்டுக்குப் பக்கம், உதவித்தொகையும் தருகிறார்கள். பார்க்கப் போனபோது வார்டில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் வயதான நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டிருந்தார், பேராசிரியர் அவசரப்படாமல் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பிரச்சினை என்னவென்றால், பள்ளி இறுதி ஆண்டில் தேர்வுப் பயத்தில் மூச்சடைக்கும் அளவுக்கு எனக்குப் பதற்றம் வந்திருக்கிறது, அப்போதெல்லாம் அம்மாதான் கூட இருந்தார். அதனால் சின்னக் கல்லூரி உண்மையிலேயே பிடித்திருக்கிறதா, இல்லை பெரிய கல்லூரிக்குப் பயந்து ஓடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. காலையில் ஒரு முடிவு, ராத்திரி வேறு முடிவு. நடுராத்திரி எழுந்து மொபைலில் இரண்டு கல்லூரிகளையும் தேடிக்கொண்டே இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தப்பாக முடிவெடுத்துவிட்டால் என்ன செய்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள் என்று தோன்றும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கல்லூரியைப் பற்றிய வரிகளில் அப்பா பேசுகிறார், அக்கா பேசுகிறார், ஆசிரியை பேசுகிறார், நீங்கள் பேசவே இல்லை. சின்னக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் உங்கள் கண்ணால் பார்த்தது வருகிறது. இதை மட்டும் வைத்து முடிவெடுத்துவிட முடியாது, மூன்று பேருமே உங்கள்மேல் அக்கறை உள்ளவர்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அங்கே போனால் எனக்கு இது கிடைக்கும் என்று உங்கள் வாயிலிருந்து ஒரு காரணமாவது வர வேண்டும். இன்று உட்கார்ந்து அதை எழுதிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

நடைமுறை விஷயம் ஒன்றை முடித்துவிடுவோம். இரண்டு கல்லூரிகளின் பட்டமும், பிற்காலத்தில் நீங்கள் வேலை பார்க்கவோ மேற்படிப்பு படிக்கவோ நினைக்கும் இடத்தின் மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பால் அங்கீகரிக்கப்பட்டதுதானா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். புதிய கல்லூரி என்பதால் இது ரொம்ப முக்கியம். உலகெங்கும் உள்ள மருத்துவக் கல்லூரிகளைத் தொகுக்கும் வேர்ல்ட் டைரக்டரி ஆஃப் மெடிக்கல் ஸ்கூல்ஸ் பட்டியலில் பெயர் இருப்பது மட்டுமே அங்கீகாரம் ஆகாது. இதில் ஒன்று தேறவில்லை என்றால் அப்புறம் என்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை.

சரி, இரண்டுமே தேறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிடித்திருக்கிறதா, பயந்து ஓடுகிறேனா என்று கேட்டீர்களே, கடிதம் முழுவதிலும் அதுதான் மிக நேர்மையான கேள்வி, பலருக்கு அது பல வருடம் கழித்துத்தான் தோன்றும். அதற்கு இப்படி ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரிய கல்லூரியில் நீங்கள் எல்லாத் தேர்விலும் தேறிவிடுவீர்கள், பதற்றம் ஒருமுறைகூட வராது என்று யாரோ உறுதியாகச் சொல்லிவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். அதற்குப் பிறகும் அந்த வார்டும் அந்தப் பேராசிரியரும் உங்களை இழுக்கிறார்கள் என்றால் அது விருப்பம். பயம் போனதுமே மனசு பெரிய கல்லூரிப் பக்கம் ஓடுகிறது என்றால் இத்தனை நாள் உங்களை நிறுத்தி வைத்தது பயம்தான். பதில் எதுவாக இருந்தாலும் அதைக் கேட்டு வெட்கப்படாதீர்கள், தனியாக உட்கார்ந்து நிதானமாகச் செய்யுங்கள், யாருக்கும் உடனே சொல்ல வேண்டாம்.

பதற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுத்து அதைக் குணப்படுத்தப் பார்க்காதீர்கள். எந்த மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் உடற்கூறியல் கூடம் இருக்கும், வாய்மொழித் தேர்வு இருக்கும், உங்கள் கண் முன்னால் ஒரு நோயாளி இறந்துபோகும் நாளும் வரும். சின்னக் கல்லூரி இவற்றிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்பது ஆறுதல்தான், ஆனால் ராத்திரிப் பணியில் அவர் உங்களோடு நிற்க முடியாது. நீங்கள் விவரிக்கும் மாதிரிப் பதற்றத்துக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை) நன்றாகப் பலன் தருகிறது, பலருக்குச் சில மாதங்களிலேயே தெளிவான மாற்றம் தெரிகிறது. வகுப்பு தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். இது உங்களுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. 2016ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வு, 40க்கும் மேற்பட்ட நாடுகளில் மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 27 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்ததாகச் சொன்னது. அதில் உதவி தேடிப் போனவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவான பேரில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பெரிய பெயர் உள்ள இடத்தைப் பற்றி இன்னொன்று. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து ஆராய்ந்து வந்த விஷயம் இது, பெரிய மீன் சின்னக் குளம் விளைவு என்று பெயர். ஒரே திறமை உள்ள இரண்டு மாணவர்களில், ரொம்பக் கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன்னைக் குறைவாக எடைபோடுகிறார். திறமை குறைவதில்லை, தன்னைப் பற்றிய மதிப்பீடுதான் இறங்குகிறது. இதற்காகப் பெரிய இடத்துக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். போனால் முதல் வருடத்தில் நான் மட்டம் என்று தோன்றும், அதை நம்பிவிடாதே என்றுதான் சொல்வேன்.

நடுராத்திரி மொபைல் தேடலை இன்றோடு நிறுத்துங்கள். அதில் கிடைப்பது கட்டடமும் தரவரிசையும்தான். எலிசபெத் டன், டிமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹார்வர்ட் மாணவர்களுக்குக் குலுக்கல் முறையில் விடுதி ஒதுக்குவார்கள். நல்ல விடுதி கிடைத்தால் எவ்வளவு சந்தோஷமாக இருப்போம், மோசமானது கிடைத்தால் எவ்வளவு வருத்தப்படுவோம் என்று மாணவர்கள் முன்கூட்டியே சொன்னதை, பிற்பாடு அவர்கள் உண்மையில் எப்படி இருந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் மிகைப்படுத்தித்தான் கணித்திருந்தார்கள், ஏனென்றால் கட்டடத்தையும் இடத்தையும் யோசித்த அளவுக்குக் கூட இருக்கப்போகும் மனிதர்களை யோசிக்கவில்லை. நீங்கள் அதற்கு நேர்மாறாக அந்த வார்டில் மனிதர்களைத்தான் கவனித்திருக்கிறீர்கள், அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பேராசிரியர். அதனால் இரண்டு கல்லூரியிலும் மூன்றாம் ஆண்டைத் தாண்டிய மாணவர்களிடம் பேசுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். போன வாரம் நீங்களே பரிசோதித்த நோயாளிகள் எத்தனை பேர், ஒரு பாடத்தில் தோற்றவருக்கு அடுத்து என்ன நடந்தது, மதிப்பெண் வரிசை போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்களா, உடைந்துபோன மாணவர் யாரிடம் போனார் என்று கேளுங்கள். சின்னக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிகள் போதுமான அளவு வருகிறார்களா என்பதை விடாமல் விசாரியுங்கள். படுக்கைகள் காலியாகக் கிடந்தால் ஆசிரியர்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் நோயாளிகளை நேரில் பரிசோதித்துப் பழக முடியாது, அந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய கல்லூரிக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

அப்பாவிடம் பேசியாக வேண்டும். அவர் கடன் வாங்கத் தயாராக இருப்பது அன்பு, ஆனால் அந்தக் கடன் எந்தத் துறையில் மேற்படிப்பு படிப்பது, எப்போது சம்பாதிக்கத் தொடங்குவது என்ற உங்கள் பின்னாள் முடிவுகளில் எல்லாம் வந்து உட்காரும். "அப்பா, நீங்கள் எனக்காக இவ்வளவு செய்ய நினைப்பது எனக்குத் தெரியும், அந்தப் பெயர் உங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லுங்கள், நான் சின்னக் கல்லூரியில் பார்த்ததையும் நீங்கள் கேட்க வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். வாதாடப் போகாதீர்கள், முதலில் அவர் சொல்லி முடிக்கட்டும். சில அப்பாக்களுக்கு அது தங்களுக்குக் கிடைக்காமல் போன ஒன்றாக இருக்கும், அதைச் சொல்லிவிட்டாலே பாதிப் பிடிவாதம் தளர்ந்துவிடும்.

தப்பாக எடுத்துவிட்டால் என்ற பயத்துக்கு இன்னும் அதிகமாகத் தேடுவது மருந்தில்லை. கில்பர்ட்டும் ஜேன் ஈபர்ட்டும் 2002ல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எடுத்த புகைப்படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களைவிட, மாற்றவே முடியாது என்று இருந்தவர்களுக்குத்தான் தாங்கள் வைத்துக்கொண்ட படம் அதிகம் பிடித்துப்போனது. அதனால் முடிவெடுத்தபின் மற்ற கல்லூரிக்கு அன்றே மறுப்புக் கடிதம் அனுப்பிவிடுங்கள், அவர்களின் புதிய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், அங்கீகாரமும் நோயாளிகள் வரத்தும் சரியாக இருந்து, பயத்தை எடுத்த பிறகும் அந்த வார்டு உங்களை இழுக்கிறது என்றால், சின்னக் கல்லூரிக்குப் போங்கள் என்பேன். இதில் ஒன்று தவறினாலும் பெரிய கல்லூரி, கூடவே முதல் மாதத்திலிருந்தே சிகிச்சை. புதன்கிழமை இரவுக்குள் அப்பாவிடம் பேசிவிடுங்கள், வியாழக்கிழமை காலையில் முடிவெடுங்கள், ராத்திரியில் வேண்டாம். வெள்ளிக்கிழமை தாண்டி இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் எனக்கு எழுதிக் காத்திருக்காமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.