பசுமை பெட்ரோலும் பிரஷ் கட்டரும்

அன்புள்ள ஐயா,

தோப்பில் களை வெட்ட ஒரு டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீத எத்தனால் கலந்தது, பசுமை எரிபொருள், புகை குறையும் என்கிறார்கள். மழைக்காலம் முடிந்து மெஷினை எடுத்தால் ஸ்டார்ட் ஆவதே இல்லை, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. இந்தப் பசுமையை நம்பலாமா?

ஒரு வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. சுற்றுச்சூழல் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சாதாரண டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த புதுக் கலவை உள்ளே வரும்போதே சைலன்சர் பக்கத் துவாரமும் திறந்திருக்கும். ஊற்றும் பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு எரியாமலே வெளியே போய்விடுகிறது, கூடவே பெட்ரோலில் கலந்த ஆயிலும். இலை ஊதும் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமாசு, ஒரு காரை சுமார் 1,770 கி.மீ. ஓட்டுவதற்குச் சமம் என்று கலிபோர்னியா காற்று வாரியம் கணக்கிட்டிருக்கிறது. எத்தனால் கலந்தால் கார்பன் மோனாக்சைடு ஓரளவு குறையும், அது உண்மை. ஆனால் எரியாமல் தப்பும் பங்கு தப்பிக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் கோளாறு இன்ஜினின் அமைப்பில் இருக்கிறது.

இனி உங்கள் கார்புரேட்டர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்து ஈரம் அளவு மீறினாலோ, மழைத்தண்ணீர் இறங்கிவிட்டாலோ, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் தேயாமல் இருக்க நீங்கள் கலந்த டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். இன்ஜின் இழுப்பதோ அடியில் இருப்பதை. ஸ்டார்ட் ஆகாமல் போனால் அது உங்கள் அதிர்ஷ்டம். ஸ்டார்ட் ஆகி ஓடினால் ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எத்தனாலுக்கென்று செய்யப்படாத ரப்பர் ட்யூப்பும் டயாஃப்ரமும் ஊறிக் கெடுவது தனி.

அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் பெட்ரோலை இந்த மாதிரி மெஷின்களில் ஊற்றவே சட்டத்தில் தடை இருக்கிறது. பம்பிலேயே அந்த எச்சரிக்கையை ஒட்டியிருப்பார்கள். இங்கே 20 சதவீதம். கேனோடு வரும் விவசாயிக்கு அப்படி ஒரு வரியை எந்தப் பங்கிலும் நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்குப் பணம் வரும் என்று சொல்லி விற்கட்டும், அதில் நேர்மை இருக்கிறது. ஆனால் கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லும்போது, பசுமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை.

சுவீடனில் சின்ன இன்ஜின்களுக்கென்றே ஆல்கைலேட் பெட்ரோல் என்று எத்தனால் கலக்காத, சுத்தமான ஒரு வகைப் பெட்ரோல் விற்கிறார்கள். புற்றுநோய் தரும் பென்சீன் அதில் அநேகமாக இல்லை. மரம் அறுப்பவரின் நுரையீரலுக்கு அது பெரிய நன்மை. அதுவும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான் என்பதால் கரியமில வாயுவில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நீங்கள் செய்யக்கூடியது: வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை மெஷினை ஓடவிட்டு வையுங்கள். அடுத்த மெஷின் வாங்கும்போது பேட்டரியில் ஓடுவதையும் பாருங்கள். பெரிய தோப்புக்கு ஒரு சார்ஜ் போதாது, விலையும் கூடுதல். அப்படியென்றால் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்கள். டூ ஸ்ட்ரோக் மட்டும் இனி வேண்டாம்.

அன்புடன்.