அரை ஆயுட்காலம் 8 நாள் என்றால் 16 நாளில் தீர்ந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 56. தைராய்டு மிகையாகச் சுரந்ததால், 10 நாட்களுக்கு முன் 10 மில்லிகியூரி கதிரியக்க அயோடின் காப்ஸ்யூல் கொடுத்தார்கள். அதன் அரை ஆயுட்காலம் 8 நாள் என்றார்கள். அப்படியானால் 16ஆம் நாள் உடலில் ஒன்றும் இருக்காதா? அடுத்த வாரம் மகள் 2 வயதுப் பேரனோடு வருகிறாள். குழந்தையைத் தூக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பேரன் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், நல்லதாயிற்று. உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. சிகிச்சை பெற வருபவர்களில் பலரும் இதையே செய்கிறார்கள். 8 நாளில் பாதி போனால் மீதிப் பாதியும் அடுத்த 8 நாளில் போய்விடும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அடுத்த 8 நாளில் அழிவது, எஞ்சியிருப்பதில் பாதி மட்டுமே. மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு; 10 மில்லிகியூரி 8ஆம் நாளில் 5 ஆகவும், 16ஆம் நாளில் இரண்டரையாகவும், 24ஆம் நாளில் ஒன்றேகாலாகவும் குறையும்.

இதன் காரணம் அணுவின் தன்மையில் இருக்கிறது. நமக்கு வயது ஏறுவதுபோல, உங்களுக்குக் கொடுத்த கதிரியக்க அயோடினான அயோடின்-131இன் அணுவுக்கு ஏறுவதில்லை. 8 நாள் சிதையாமல் தப்பிய அணு, அடுத்த 8 நாளில் சிதைவதற்கும் அதே பாதி வாய்ப்புதான். எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மில்லிகியூரியில் நொடிக்கு 3 கோடியே 70 லட்சம் அணுக்கள் சிதைவதால், மொத்தக் கணக்கு மட்டும் தவறுவதே இல்லை. அறிவியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் சாடியும் 1902இல் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஆராய்ந்து கண்ட இந்த விதியைச் சூடோ குளிரோ மருந்தோ மாற்ற முடியாது. சிதைந்த அணு, கதிரியக்கமற்ற செனான் வாயுவாக மாறிவிடுகிறது.

ஆனால் நீங்கள் காப்ஸ்யூலை விழுங்கிவிட்டீர்கள். அது இப்போது கதிரைத் தடுக்கும் ஈயக்குப்பிக்குள் இல்லை. சிதைவு ஒரு பக்கம் நடக்க, உடலும் அயோடினை வெளியேற்றுகிறது. தைராய்டு உறிஞ்சாத பகுதியின் பெரும்பங்கு முதல் 2 நாட்களிலேயே சிறுநீரில் போய்விடும். அந்நாட்களில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதும், கழிவறையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் அதனால்தான். தண்ணீர் சிதைவை விரைவுபடுத்தாது, வெளியேற்றத்தைத்தான் விரைவுபடுத்தும்.

தைராய்டுக்குள் தங்கியதற்கு வேறு கணக்கு. சிதைவு மட்டும் இருந்தால் 8 நாளில் பாதியாகும். வெளியேற்றம் மட்டும் இருந்தால், எடுத்துக்காட்டாக, 16 நாளில் பாதியாகும் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து நடப்பதால், இரு எண்களையும் பெருக்கி, வரும் 128ஐ அவற்றின் கூட்டுத்தொகையான 24ஆல் வகுக்க வேண்டும். 5 நாளுக்குச் சற்று மேல் வரும். இதையே பயனுறு அரை ஆயுட்காலம் என்கிறோம். உங்கள் தைராய்டு 6 மில்லிகியூரியை உறிஞ்சியிருந்தால், இன்று அதில் சுமார் ஒன்றரையும், 16ஆம் நாளில் முக்காலும் இருக்கும். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்குரிய அளவைச் சிகிச்சை அளித்த அணுக்கரு மருத்துவப் பிரிவு கழுத்தருகே கருவி வைத்து அளந்து சொல்ல முடியும்.

இனி பேரனைப் பற்றி. அயோடின் வெளியிடும் பீட்டா கதிர் சில மில்லிமீட்டருக்குள் நின்று தைராய்டு செல்களை அழிக்கிறது. காமா கதிரோ உடலைத் தாண்டி வெளியே வருகிறது. தோளில் சாய்த்துத் தூக்கும்போது குழந்தையின் தலையும் கழுத்தும் உங்கள் கழுத்தை ஒட்டியே இருக்கும்; சிறு குழந்தையின் தைராய்டு கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படக்கூடியது. ஆகவே அடுத்த வாரம் அவனைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கவோ பக்கத்தில் படுக்க வைக்கவோ வேண்டாம். அறையின் மறுபக்கம் இருந்து பேசலாம், விளையாட்டுக் காட்டலாம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும். இந்த அளவு மருந்துக்குச் சிறு குழந்தைகளிடமிருந்து பொதுவாக 2 முதல் 3 வாரம் விலகியிருக்கச் சொல்வோம். மருத்துவமனை தந்த சீட்டில் அதைவிடக் கூடுதலான நாள் குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முடிந்தால் மகளின் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அவர் கருவுற்றிருந்தால், இதே எச்சரிக்கை அவருக்கும் பொருந்தும்.