கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள்

கேள்வி: மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் நல்லது என்று சீனியர்கள் சொன்னார்களாம். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை லினக்ஸைத் தொட்டதில்லை. நாற்பதாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? கடையில் கேட்டால் "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்கிறார்கள்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: லினக்ஸ் என்பது விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் ஓர் இலவச மென்பொருள். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. இன்டெல், ஏஎம்டி பிராசஸர் உள்ள எந்த லேப்டாப்பிலும் அநேகமாக லினக்ஸ் ஏறிவிடும். ஏறிய பிறகு வைஃபை வருகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதில்தான் சங்கடமே.

எல்லோரும் முதலில் பிராசஸரைப் பார்ப்பார்கள். நீங்கள் வைஃபை சிப்பைப் பாருங்கள். லினக்ஸுக்கென்று நான் முதன்முதலில் வாங்கிய லேப்டாப்பில் இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டேன். ஏற்றி முடித்துப் பார்த்தால் வைஃபை என்ற பேச்சே இல்லை. வைஃபை சிப்பை இயக்கும் சின்ன மென்பொருளான டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். கடைசியில் செல்போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இன்டர்நெட்டை எடுத்துத்தான் சரிசெய்தேன். முதல் நாளே இந்தப் பாடு பட்டால் உங்கள் மகளுக்கு லினக்ஸே வெறுத்துவிடும்.

இன்டெல் வைஃபை என்றால் கவலை இல்லை, டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. பிராட்காம் என்றால் பெரும்பாலும் தனியாக டிரைவர் போட வேண்டியிருக்கும், தவிர்த்துவிடுங்கள். ரியல்டெக், மீடியாடெக் இரண்டும் மாடலுக்கு மாடல் மாறும். கிராஃபிக்ஸ் இன்டெல் அல்லது ஏஎம்டி போதும். என்விடியாவுக்குத் தனி டிரைவர், பேட்டரியும் சீக்கிரம் தீரும். முதலாண்டுப் படிப்புக்கு அது தேவையே இல்லை.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். தெரிந்த பையன் யாரிடமாவது சொன்னால் விண்டோஸில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து ஏற்றித் தந்துவிடுவான். கடையில் டெமோ பீஸில் அதைச் செருகி ஆன் செய்யும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்துங்கள். பென் டிரைவிலிருந்தே மின்ட் திறக்கும், இன்ஸ்டால் கொடுக்காதவரை உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு வீடியோ ஓட விடுங்கள். சத்தம், கேமரா, வெளிச்சம் கூட்டும் பட்டன் எல்லாம் பாருங்கள். பிறகு மூடி வைத்து இரண்டு நிமிடம் கழித்துத் திறங்கள். திரை கறுப்பாகவே நின்றால் அந்த மாடல் வேண்டாம். கைரேகை சென்சார் வேலை செய்யாவிட்டால் விட்டுவிடலாம், பல மாடல்களில் லினக்ஸில் அது வருவதில்லை.

கடையில் சீல் பிரிக்க மாட்டோம் என்றால், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் உபுண்டு சான்றிதழ் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடுங்கள். முழு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் வரும் இரண்டு லேப்டாப்பில் வைஃபை சிப் வேறு வேறாக இருக்கலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் புதிதாக வாங்க மாட்டேன். கம்பெனிகளில் ஓடித் திரும்பிய லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட் ரகங்களை வாரண்டியோடு, பழையதைச் சரிசெய்து விற்கும் ரிஃபர்பிஷ்ட் கடையில் வாங்குவேன். 2018இல் வந்த திங்க்பேட் டி480 உங்கள் பட்ஜெட்டுக்குள் தாராளமாக அடங்கும். அதில் ரேம் மாட்ட இரண்டு இடம் உண்டு. எட்டாம் தலைமுறை இன்டெல் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், கல்லூரியில் கேட்டால் விண்டோஸ் 11ம் போடலாம். பேட்டரியை மட்டும் நன்றாகச் சோதியுங்கள். பழைய லேப்டாப்பில் முதலில் தளர்வது அதுதான்.

கேள்வி: விண்டோஸ் இல்லாமல் 'டாஸ்' என்று போட்டு விலை குறைத்து விற்கிறார்களே, லினக்ஸுக்கு அது நல்லதுதானே?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: டாஸ் என்றால் விண்டோஸ் லைசென்ஸ் சேர்க்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். லினக்ஸ் ஓடுமா என்று யாரும் பார்த்துக் கொடுத்ததாக எண்ண வேண்டாம். பென் டிரைவ் சோதனை இதற்கும் வேண்டும். உபுண்டு போட்டே வரும் மாடல் கிடைத்தால் அதை இன்னும் தைரியமாக வாங்கலாம். பின்னால் விண்டோஸ் கட்டாயம் தேவைப்படும் என்று தெரிந்தால் மட்டும் டாஸ் வேண்டாம். மிச்சம் பிடித்த பணம் லைசென்ஸ் வாங்குவதிலேயே போய்விடும்.