கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் ஆகஸ்டு பிற்பாதியில் கல்லூரிகள் திறக்கின்றன. கம்யூனிட்டி காலேஜ்களின் இரண்டாண்டு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்த வாசகர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு நீண்ட தடுப்பூசிப் பட்டியலும் வந்திருக்கிறது. எனக்குச் சின்ன வயதிலேயே எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது, அம்மையும் வந்துபோனது. ஆனால் கையில் ஒரு சீட்டும் இல்லை. என்ன செய்வது?
— வாசகி, டெக்சாஸ்

இன்றைக்கே தொடங்குங்கள். முதல் பருவத்தில் பலர் வார்டுக்குள் போக முடியாமல் நிற்பது இந்தப் பட்டியலால்தான். தடுப்பூசிப் பதிவு முழுமையாகாத மாணவரை மருத்துவமனை உள்ளே விடாது, கல்லூரியாலும் அதற்கு விலக்குக் கொடுக்க முடியாது.

சீட்டு இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனை போதும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் 'டைட்டர்' சோதனை கேளுங்கள். "எனக்கு அம்மை வார்த்திருக்கிறது" என்ற வாய்ச்சொல்லை யாரும் ஏற்க மாட்டார்கள். சோதனையில் சக்தி போதவில்லை என்று வந்தால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதிக நாள் பிடிப்பது ஹெபடைட்டிஸ் பி. வழக்கமான மூன்று ஊசிகளை 0, 1, 6 மாதக் கணக்கில் போடுவார்கள். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் டைட்டர் பார்க்க வேண்டும். ஜூலையில் தொடங்கினால் கல்லூரி திறக்கும்போது பாதிதான் முடிந்திருக்கும். ஹெப்லிசாவ்-பி என்ற ஊசியோ ஒரு மாத இடைவெளியில் இரண்டே டோஸ், 18 வயது நிரம்பியவர்களுக்கு. மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று காசநோய்ச் சோதனை. நம்மில் பலருக்குக் குழந்தையிலேயே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கும், தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். முன்கையில் ஊசி குத்தி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளக்கும் தோல் சோதனையில், காசநோய்க் கிருமி உடலில் இல்லாமலேயே பி.சி.ஜி.யால் 'பாசிட்டிவ்' வரக்கூடும். அப்புறம் மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரங்கள் ஓடிவிடும். பி.சி.ஜி. பாதிக்காத ரத்தப் பரிசோதனை உண்டு. குவாண்டிஃபெரான் அதில் ஒன்று. முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

வரிசையும் முக்கியம். தட்டம்மைக் கூட்டு ஊசியும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியால் ஆனவை. அவற்றைப் போட்ட சில நாளில் காசநோய்ச் சோதனை செய்தால் முடிவு பொய்யாக 'நெகட்டிவ்' காட்டலாம். சோதனையை ஊசி போடும் அதே நாளில் செய்துவிடுங்கள், இல்லையென்றால் நான்கு வாரம் பொறுங்கள்.

கேள்வி: மருந்துக் கணக்குத் தேர்வில் 90 சதவீதத்துக்குக் குறைந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். நான் இன்ஜினியரிங் படித்தவள், கணக்கு வரும். அப்படியும் பயிற்சித் தேர்வில் தோற்றேன். ஏன்?
— வாசகி, நியூ ஜெர்சி

உங்கள் கணக்குத் திறமையில் குறை இருக்காது. அலகிலோ பூஜ்யத்திலோதான் சறுக்கியிருப்பீர்கள். ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்ப்போம்.

குழந்தையின் எடை 44 பவுண்டு. மருத்துவர் எழுதியது: ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி. வீதம், இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். பாட்டிலில் இருப்பது 5 மி.லி.யில் 250 மி.கி. ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.?

44-ஐ 2.2-ஆல் வகுத்தால் 20 கிலோ. 20 × 40 = நாளுக்கு 800 மி.கி. இரண்டு வேளை, ஆகவே வேளைக்கு 400 மி.கி. 400 ÷ 250 × 5 = 8 மி.லி.

பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் விடை 17.6 மி.லி. என்று வரும், இரு மடங்குக்கும் மேல். 'நாளொன்றுக்கு' என்ற சொல்லைக் கண் தாண்டிப் போனால் 16 மி.லி., சரியாக இரு மடங்கு. இரண்டையும் குடிப்பது ஒரு குழந்தை. தேர்வில் பாதி மதிப்பெண் என்ற பேச்சே இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது டிரிப்ஸ். 1000 மி.லி. திரவம் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டும், குழாய் ஒரு மி.லி.க்கு 15 சொட்டு விடும். 1000 × 15 ÷ 480 = 31.25, அதாவது நிமிடத்துக்கு 31 சொட்டு. சொட்டில் பின்னம் கிடையாது. 480-க்குப் பதில் 8-ஆல் வகுத்தால் 1875 வரும். நிமிடத்துக்கு 1875 சொட்டு எங்கேயும் விழாது. விடை வந்ததும் "இது நடக்கிற காரியமா?" என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் பாதித் தவறு அங்கேயே பிடிபடும். திரவத்தை மெஷின் (பம்ப்) வழியே செலுத்துவதானால் கேள்வியே வேறு: 1000 ÷ 8 = மணிக்கு 125 மி.லி. எதைக் கேட்கிறார்கள் என்று கடைசி வரியை முதலில் படியுங்கள்.

பூஜ்யத்துக்கு வருவோம். அரை மில்லிகிராமை 0.5 என்றுதான் எழுத வேண்டும். முன்பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். 5 மி.கி.யை 5.0 என்று எழுதக் கூடாது, 50 என்று படித்துவிடுவார்கள். மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் தடுத்திருக்கும் எழுத்துமுறைகளில் இரண்டும் உண்டு, தேர்விலும் மதிப்பெண் போகும். முழு எண்ணாக்குவதைக் கடைசிப் படியில் மட்டும் செய்யுங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் இடறும். 5/8 என்றால் நமக்கு ஆகஸ்டு 5, இங்கே மே 8. நேரம் 24 மணிக் கணக்கில் ஓடும், இரவு ஏழரை என்பது 1930. வீட்டுக் கடிகாரத்தையும் கைப்பேசியையும் இப்போதே அப்படி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மகள் புத்தகத்தை வரி விடாமல் படிக்கிறாள். உயிரியலில் எப்போதும் முதல் மாணவி. முதல் நர்சிங் தேர்வில் 68. அழுதுகொண்டே இருக்கிறாள். எங்கே தவறு?
— ஒரு தாய், இல்லினாய்

அவளிடம் சொல்லுங்கள்: முதல் தேர்வில் இப்படி ஆவது மிகவும் சகஜம், சரிசெய்யவும் முடியும். ஆனால் இதே முறையில் இன்னும் அதிகமாகப் படித்தால் சரியாகாது. பல கல்லூரிகளில் தேர்ச்சிக்கு 75-க்கு மேல் வேண்டும், 74.9-ஐ உயர்த்திக் கொடுக்க மாட்டார்கள். அதனால் முறையை இப்போதே மாற்ற வேண்டும்.

உயிரியல் தேர்வு "இது என்ன?" என்று கேட்கும். நர்சிங் தேர்வு "நீ முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்கும். நான்கு விடையும் சரியாக இருக்கும், எது முதலில் என்பதுதான் கேள்வி. ஓர் எடுத்துக்காட்டு. நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள்? அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஏழு என்பவர். சர்க்கரை 130, காலை உணவு கேட்பவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் இருப்பவர். இன்று மதியம் வயிற்றில் அறுவை முடிந்து, இப்போது நிலைகொள்ளாமல் புரள்பவர், நாடித் துடிப்பு 84-இலிருந்து 118-க்கு ஏறியிருக்கிறது.

மனப்பாடம் செய்தவர் மூன்றாமவரிடம் ஓடுவார், "ஆக்சிஜன் 95-க்கு மேல் இருக்க வேண்டும்" என்று படித்திருப்பதால். ஆனால் அந்த நோய்க்கு 88 முதல் 92 வரை எதிர்பார்க்கிற அளவுதான். பார்க்க வேண்டியவர் நான்காமவர். உள்ளே ரத்தம் கசிகிறவருக்கு ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே துடிப்பு ஏறும், மனம் நிலைகொள்ளாது. எதிர்பார்த்த நிலையா, புதிதாக வந்த மாற்றமா என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பு.

ஆகவே ஒவ்வொரு நோய்க்கும் ஒரே பக்கம் எழுதச் சொல்லுங்கள்: உடலுக்குள் என்ன நடக்கிறது, அதனால் வெளியே என்ன தெரியும், நான் முதலில் எதைச் செய்வேன், எப்போது மருத்துவரை அழைப்பேன். 'ஏன்' என்பது தெரிந்தால் அறிகுறிகளை மனப்பாடம் செய்யும் சுமை குறையும். படிக்கும் நேரத்தில் பாதியைக் கேள்விகள் போட்டுப் பார்ப்பதற்குக் கொடுங்கள். தவறிய ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறியது என்று ஒரு வரி: தெரியாததாலா, கேள்வியைச் சரியாகப் படிக்காததாலா, நோயாளியைப் பார்க்கும் முன்பே சிகிச்சைக்குத் தாவியதாலா. இரண்டு வாரத்தில் அவளுக்கே தன் வழக்கமான சறுக்கல் தெரிந்துவிடும். ஆசிரியரிடம் நேரம் கேட்டு விடைத்தாளையும் அவர் முன் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் கூச்சத்தால் போவதில்லை. போக வேண்டும்.

படிப்பு முடிந்து எழுதும் என்க்ளெக்ஸ் உரிமத் தேர்வும் இதே பாணிதான். 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், 5 மணி நேரம். ஒரே நோயாளியைப் பற்றித் தொடர்ச்சியாக ஆறு கேள்விகள் கேட்கும் பகுதிகளும் அதில் உண்டு.

கேள்வி: தாலி, மூக்குத்தி, வளையல்... எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா?
— வாசகி, வட கரோலினா

மணிக்கட்டில் எதுவும் வேண்டாம், வளையலும் கோயில் கயிறும் உட்பட. ஒரு நாளில் பல முறை கை கழுவுவீர்கள், ஈரக் கயிற்றில் கிருமி தங்கும். கழுத்தில் தொங்கும் சங்கிலியைக் குழப்பத்தில் இருக்கும் நோயாளி பிடித்து இழுத்துவிடலாம். தாலிச் சங்கிலியை உள்சட்டையோடு பின் குத்தி, கழுத்துக்கு வெளியே தெரியாமல் வைக்கலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சிறிய மூக்குத்தியைப் பல இடங்களில் விடுவார்கள். மெட்டி மூடிய காலணிக்குள் இருக்கும். ஒட்டு நகம் கூடாது, வாசனைத் திரவியமும் கூடாது. மூச்சுத் திணறும் நோயாளிக்கு மல்லிகை வாசம்கூடத் தொந்தரவுதான்.

கேள்வி: எதையெல்லாம் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம்?
— வாசகர், மிச்சிகன்

நொடிமுள் உள்ள, கழுவக்கூடிய பட்டையுள்ள கடிகாரம். நல்ல காலணி. லிட்மன் கிளாசிக் 3 தரத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப், பெயர் பொறித்து. இருதய நிபுணர்களுக்கான விலை உயர்ந்தது தேவையில்லை. ஸ்க்ரப்ஸின் (வார்டு சீருடையின்) நிறத்தைக் கல்லூரி சொல்லும்வரை பொறுங்கள். பழைய புத்தகம் வாங்குமுன் இணையப் பயிற்சிக்கான குறியீடு தேவையா என்று கேளுங்கள். ஒருவர் பயன்படுத்திய குறியீடு மறுபடி வேலை செய்யாது.

கேள்வி: ஸ்டெரைல் கையுறை போடுவதில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.
— வாசகி, ஜார்ஜியா

வீட்டில் இப்படிப் பழகுங்கள். உங்கள் அளவுக்கு நாலைந்து ஜோடி வாங்கிக்கொண்டு, விரல்களில் மஞ்சள்பொடியைக் குழைத்துத் தடவி, பிறகு போடுங்கள். முதல் கையுறையின் மடிந்த விளிம்பை, அதாவது உட்புறத்தை மட்டும், வெறுங்கையால் தொடலாம். இரண்டாவதை, கையுறை போட்ட விரல்களை மடிப்புக்கு அடியில் நுழைத்துத் தூக்க வேண்டும், கட்டைவிரல் விலகியே இருக்கட்டும். முடிந்ததும் வெளிப்புறத்தைப் பாருங்கள். எங்கே மஞ்சள் ஒட்டியிருக்கிறதோ அங்கே தொட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டாவது கையுறையின் கட்டைவிரல் அடியில்தான் இருக்கும்.

போட்ட பிறகு கை இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது, விரித்த ஸ்டெரைல் துணிக்கு முதுகைக் காட்டக் கூடாது, துணியின் ஓரத்தில் ஓர் அங்குலத்தைச் சுத்தமற்றதாகவே கருத வேண்டும். பட்டுவிட்டால் "பட்டுவிட்டது, மாற்றுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். ஆசிரியர்கள் மன்னிக்காதது மறைப்பதைத்தான்.

கேள்வி: ஒன்பது கிரெடிட்தானே, வேலையும் பார்க்கலாமா? நான் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) இருப்பதால் வேறு சிக்கல் வருமா?
— வாசகி, ஒஹாயோ

ஒன்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல கல்லூரிகளில் ஒரு கிளினிக்கல் (மருத்துவமனைப் பயிற்சி) கிரெடிட் என்பது வாரத்துக்கு மூன்று மணி நேரம். 5 கிரெடிட் பாடம், 4 கிரெடிட் கிளினிக்கல் என்றால் வாரம் 17 மணி நேரம் அங்கேயே போய்விடும், படிப்பு நேரம் தனி.

எச்-4இல் படிக்கத் தடையில்லை. ஆனால் மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது, ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் கிடைத்தாலும் அதுவே வேலை அனுமதி ஆகாது. பல மாநிலங்கள் உரிம விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்கின்றன. அது உங்களிடம் இல்லையென்றால் என்ன வழி என்று மாநில நர்சிங் போர்டிடம் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: பி.எஸ்.என். என்ற நான்காண்டு நர்சிங் பட்டம் படித்தால்தான் மதிப்பு என்கிறார்களே?
— வாசகர், நியூயார்க்

இரண்டு படிப்புக்கும் ஒரே உரிமத் தேர்வு, ஒரே ஆர்.என். உரிமம். மில்ட்ரெட் மான்டாக் என்பவரின் யோசனையில் 1952-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இரண்டாண்டுப் படிப்பு இது, கட்டணமும் குறைவு. பெரிய மருத்துவமனைகள் சில பி.எஸ்.என். கேட்பது உண்மை. உங்கள் நியூயார்க்கில் 2017-இல் வந்த சட்டப்படி, புதிதாக உரிமம் பெறுவோர் பத்து ஆண்டுக்குள் அதை முடிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்கலாம். நீங்கள் சேரும் படிப்புக்கு மாநில போர்டின் ஒப்புதல் இருக்கிறதா என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள். அது இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது.

கேள்வி: மனைவி இந்த மாதம் சேர்கிறாள். இரண்டு குழந்தைகள். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், கலிஃபோர்னியா

கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்வி எங்களுக்கு அதிகம் வருவதில்லை. கிளினிக்கல் நாளில் அவர் காலை ஆறே முக்கால் மணிக்கு வார்டில் நிற்க வேண்டியிருக்கும், தாமதமாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அந்த நாளும் அதற்கு முந்தைய இரவும் குழந்தைகள் முழுக்க உங்கள் பொறுப்பு. காய்ச்சல் வந்து பள்ளியிலிருந்து அழைத்தாலும் அழைப்பு உங்களுக்கு வரட்டும், பள்ளிப் படிவத்தில் முதல் எண்ணை இப்போதே மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரப்ஸை நேராகத் துவைக்கப் போடட்டும், குழந்தையைத் தூக்குவது குளித்த பிறகு. "இன்று யாரைப் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நோயாளி விவரத்தை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்பது சட்டம், வார்டில் எடுத்த ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தாலும் படிப்பே போய்விடும். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.