ஓவன் இல்லாத சாக்லேட் ஓட்ஸ் சதுரங்கள் சில முறை இறுகாமல் போவது ஏன்?

அமெரிக்க வீடுகளில் தலைமுறைகளாகச் செய்யப்படும் இந்தச் சதுரங்கள் இறுகுவது, பெரும்பாலும் பாகு கொதிக்கும் நேரத்தைப் பொறுத்தது. 2 கப் சர்க்கரை, அரை கப் பால், அரை கப் வெண்ணெய், கால் கப் கோகோ தூள் ஆகியவற்றை மிதமான தீயில் கிளறி, ஓரத்தில் மட்டுமன்றி நடுவிலும் குமிழிகள் பொங்கிய பிறகே நேரத்தைக் கணக்கிட்டு, 1 முதல் ஒன்றரை நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குறைந்தால் நீர் மிஞ்சிப் பிசுபிசுக்கும், கூடினால் உதிர்ந்துவிடும். கடிகாரத்தைவிட நான் நம்புவது பதத்தைத்தான்: குளிர்ந்த நீரில் விட்ட துளி விரல்களுக்கிடையே மென்மையாக உருள வேண்டும். அணைத்த உடனே அரை கப் வேர்க்கடலை வெண்ணெயும் 3 கப் ஓட்ஸும் கலந்து, நெய் தடவிய தட்டில் அழுத்திப் பரப்பி, ஓரளவு ஆறியதும் வில்லை போடலாம். பெரிய ஓட்ஸைவிட விரைவில் வேகும் சிறிய ஓட்ஸே ஈரத்தை நன்றாக இழுக்கும்.