மாடியில் சோலார் போடத் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டுமா?

கேள்வி: சொந்த வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட இருக்கிறோம். தீயணைப்புத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமா? தீப் பிடிக்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், உண்மையா?

நீங்கள் சொல்வது போன்ற சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவையில்லை. பிரதமரின் சூரிய வீடு (பி.எம். சூர்யா கர்) திட்டத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தால், நிறுவனத்தார் பேனல்களைப் பொருத்துவார்கள். மின்வாரியத்தார் வந்து இருவழி மீட்டர் வைப்பார்கள். அதன் பிறகு 3 கிலோவாட்டுக்கான மானியம் 78,000 ரூபாய் உங்கள் கணக்கில் சேரும். முறையாக நிரப்பிய விண்ணப்பம் 10 கிலோவாட்டுக்குள் இருந்தால், தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே அது ஏற்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது. அனுமதி பற்றிச் சொல்ல இவ்வளவுதான். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது.

நான் மின் பொறியாளன் அல்லன். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுவதும் படிவங்களோடு பழகியவன் என்பதால், கோப்பு சரியாக இருந்தால் வேலையும் சரியாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். எங்கள் வீடு பணகுடியில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடி மாதத்தில் எப்படி அடிக்கும் என்பது, ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேனல் போட்டு இரண்டாவது ஆடியில், முற்பகலில் துணி காயப்போடச் சென்ற என் மனைவி, தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், ரப்பர் கருகும் நாற்றம் அடிப்பதாகச் சொன்னாள். நான் ஏறிப் பார்த்தபோது, கடைசிப் பேனலின் அடியில், கீழே இறங்கும் கேபிள் வந்து சேரும் கனெக்டரிலிருந்து நூல் போலப் புகை வந்துகொண்டிருந்தது. கூடவே எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஒரு சத்தம்.

ஓடி வந்து மெயின் சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றது. ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணி, மீண்டும் ஏறி அந்தக் கனெக்டரைக் கழற்றக் கையை நீட்டினேன். நான் சத்தம் போட்டதைக் கேட்டு ஏறி வந்திருந்த எதிர்வீட்டுத் தம்பி வயரிங் வேலை செய்பவர். "அண்ணாச்சி, அதத் தொட்டுராதிய! மெயின அமத்துனா லைன் கரண்டுதான் நிக்கும். வெயில் அடிக்கிற மட்டும் பேனல்ல கரண்டு இருந்துக்கிட்டேதான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அவர் பிறகு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். மெயினை அணைத்ததும், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுவதால் கேபிளில் மின்னோட்டம் நிற்கிறது. ஆனால் பேனல்களிலிருந்து இன்வெர்ட்டர் வரையுள்ள கேபிளில் மின்னழுத்தம் அப்படியே இருக்கிறது. என் வீட்டில் 6 பேனல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் அது 250 வோல்ட்டுக்கு மேல். நம் வீட்டு ஏ.சி. மின்சாரம் திசை மாறி மாறி ஓடி நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால், அதில் எழும் பொறி அணைந்துபோக வாய்ப்பு உண்டு. பேனல் தருவது ஒரே திசையில் ஓடும் டி.சி.; அது பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. எனவே தளர்ந்த கனெக்டரில் ஒரு முறை பொறி பற்றினால், பிளாஸ்டிக்கை உருக்கும் வரை அது தொடர்ந்து எரியும்.

அவர் டி.சி. பெட்டியில் பேனலின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரைத் திருப்பிவிட்டு, பொழுது சாய்ந்து இருட்டிய பிறகே கனெக்டரைத் திறந்தார். உள்ளே கரி. கனெக்டரின் ஆண், பெண் எனப்படும் இரு பாதிகளும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகள். பார்வைக்குப் பொருந்தினாலும் உள்ளே உலோகம் இறுகப் பிடிக்கவில்லை. கேபிளையும் டை போட்டுக் கட்டாமல் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் ஆடி ஆடி அதன் மேலுறை இரும்புச் சட்டத்தின் விளிம்பில் பாதி தேய்ந்திருந்தது. பேனல்களின் அடியில் நான் அடுக்கி வைத்திருந்த காய்ந்த தென்னை மட்டைகள் அங்கிருந்து நான்கடி தூரத்தில் கிடந்தன. அந்தத் தவறு என்னுடையது.

அன்றிரவு கோப்பை எடுத்துப் பார்த்தேன். பேனல்களின் வரிசை எண்கள் இருந்தன, இன்வெர்ட்டரின் எண் இருந்தது, பேனல்களுக்கு முன்னால் நான் நிற்கும் புகைப்படமும் இருந்தது. கனெக்டரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மீட்டர் வைக்க வந்தவர்கள் தங்கள் பணியைச் சரியாகவே செய்தார்கள். பேனலின் அடியில் குனிந்து பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. பொருத்திய நிறுவனத்தாரோ, ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பேற்றிருந்தும், கனெக்டர் அதில் வராது என்று தொலைபேசியில் முடித்துவிட்டார்கள். அதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டின் மின் விதித் தொகுப்பிலிருந்து, கூரையில் உள்ள சோலாருக்கு விரைவு நிறுத்தம் என்ற ஏற்பாடு கட்டாயமாகியிருக்கிறது. 2017 பதிப்பின்படி, சுவிட்சை அணைத்த 30 நொடிக்குள் பேனல் வரிசைக்குள்ளேயே மின்னழுத்தம் 80 வோல்ட்டுக்குக் குறைய வேண்டும். கூரையில் ஏறும் தீயணைப்பு வீரரைக் காப்பதற்காக எழுதிய விதி அது. அவர்கள் நடப்பதற்காகக் கூரை ஓரத்தில் மூன்றடி வழிவிடும் வழக்கமும் அங்குண்டு. அந்நாட்டு விதி இங்கே செல்லாது என்று சிலர் மறுக்கலாம். செல்லாதுதான், ஆனால் பணகுடி வெயிலிலும் பேனல் அதே டி.சி.யைத்தான் தருகிறது.

இதைப் படித்துவிட்டுச் சோலாரே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். என் வீட்டில் அதே பேனல்கள்தாம் இன்றும் ஓடுகின்றன. ஒழுங்காகப் பொருத்திய அமைப்பில் தீ அபூர்வம். முன்பணம் கொடுப்பதற்கு முன், எல்லாக் கனெக்டர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை என்றும், கூரையில் ஓடுவது சோலாருக்கென்று செய்த டி.சி. கேபிள் என்றும் விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். சாதாரண வீட்டு வயரின் மேலுறை வெயிலில் வெடித்து விரிசல் விடும். ஐசொலேட்டரைக் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லி, அதை வீட்டிலுள்ள அனைவருக்கும் காட்டிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியைப் பேனலால் அடைக்கவிடாதீர்கள். ஆடி பிறப்பதற்கு முன் ஆண்டுக்கொரு முறை, தெரிந்த ஒருவரை அழைத்துப் பேனலின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டிக்கு மேலே "இவ்வீட்டில் சோலார் உள்ளது, டி.சி. சுவிட்ச் மாடிப்படி முடியும் இடத்தில்" என்று நான் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 101ஐ அழைக்க நேர்ந்தாலும் இதையே முதலில் சொல்ல வேண்டும் என்று என் மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.